அஞ்சு பாயிண்ட் நாலு ரெண்டு

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஒரு தொலைபேசிப் பதிவேடு உண்டு. அதற்குக் கோடு போட்டவன் நான். ஆறு பத்திகள்: தேதி, நேரம், நோயாளியின் பெயர், முடிவு, யாரிடம் சொன்னோம், அவர் திருப்பிச் சொன்னாரா. கடைசிப் பத்தியில் 'ஆம்' என்று எழுதாமல் நான் பேனாவை மூடியதில்லை. ஜன்னலில் உட்கார்ந்து ரத்த டியூப்களை வாங்கி எண் ஒட்டுகிற நஜாத் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். "பாஸ்ஸூ அண்ணனுக்கு சொர்க்கத்துல இடம் ஒதுக்கியாச்சுன்னு வானத்துலேர்ந்து மலக்கு எறங்கி வந்து சொன்னாக்கூட, 'எங்க, ஒருதடவை திருப்பிச் சொல்லுங்க'ம்பாரு."

விதி எளியது. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு நாலு கிராமுக்கு மேலே போனாலோ, அரை கிராமுக்குக் கீழே இறங்கினாலோ, காகிதம் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது. அனுப்பிய டாக்டரைப் போனில் பிடித்துச் சொல்ல வேண்டும். டாக்டருக்கு மட்டும். நோயாளிக்கோ அவர் வீட்டாருக்கோ லேபில் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியை நான் முதல் விதியைவிடவும் கண்டிப்பாகக் காத்து வந்தேன். ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு ஜன்னலடியிலேயே மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தஸ்ரூத் எங்கள் ஊரிலிருந்து அட்லஸ் மலைமேல் வேனில் மூன்று மணி நேரம். அங்கே ஒரு சிறிய சுகாதார நிலையம், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சந்தை. சந்தைக்கு இறங்கும் மோஹாவின் வேனில், ஆடுகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே, தஸ்ரூத்தின் டியூப்கள் ஐஸ் பெட்டியில் வரும். முடிவுக் காகிதங்கள் அடுத்த செவ்வாயன்றுதான் காலிப் பெட்டியோடு மேலே போகும்.

மார்ச் மாதம் பனி விழுந்து பாதை அடைபட்டது. இரண்டு வாரம் காகிதம் போகவில்லை. அப்போது தஸ்ரூத் டாக்டர் வியாம் போன் செய்து, "பாஸ்ஸூ அண்ணே, நல்லதோ கெட்டதோ, எல்லாத்தையும் போன்லயே வாசிச்சிருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டார். இளம் வயதுப் பெண், உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் ஏழு வருஷம் படித்துவிட்டு வந்தவர். வேறு யாரும் போக மறுத்த இடத்துக்கு மறுப்புச் சொல்லாமல் போனவர். நான் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து தஸ்ரூத்துக்கு மட்டும் எல்லா முடிவுகளையும் வாசித்துவிடுவேன். வரிசை எண்படி, மேலிருந்து கீழாக.

ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய். தஸ்ரூத் பெட்டியில் ஏழு பேருடைய ரத்தம் இருந்தது. நான்காவது டியூப் சாம்பல் நிற மூடி போட்டது. சாம்பல் மூடி என்றால் சர்க்கரை பார்க்க.

"தஸ்ரூத்லேர்ந்து சுகரா?" என்றாள் நஜாத். "அவங்க அங்கயே மெஷின்ல பாத்துக்குவாங்களே. ராட்டர்டாம்ல வேலை பாக்குற யாரோ ஒருத்தன் வாங்கிக் குடுத்தான்னு பீத்திக்கிட்டாங்களே."

பெட்டியில் டாக்டரின் துண்டுச் சீட்டு இருந்தது. 'ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. அடுத்த பார்சல் வரும்வரை சர்க்கரையும் உங்களுக்கே அனுப்புகிறேன்.'

டியூபின் மேல் எழுதியிருந்தது: ரப்ஹா, பெண், வயது பதிமூன்று, தந்தை பெயர் ஸைத்.

இயந்திரம் 5.42 காட்டியது. மீண்டும் ஓட்டினேன். 5.42. பதிமூன்று வயதில் லிட்டருக்கு ஐந்து கிராமுக்கு மேல் என்றால், அந்தப் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது என்று பொருள். ஓரிரு நாளைக்குள் ஊசி போட்டாக வேண்டும். அப்போது மணி மூன்று பத்து.

பதிவேட்டைத் திறந்து தேதி எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூன்று இருபத்தைந்து.

"லேபா? நான் தஸ்ரூத்லேர்ந்து ஸைத் பேசுறேன். ரப்ஹாவோட அப்பன். மோஹா இந்த நம்பரக் குடுத்தான். எம்பொண்ணு ரத்தம் வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொல்லுது?"

"முடிவை டாக்டர் கிட்டத்தான் சொல்லணும். உங்க கிட்ட சொல்லக் கூடாது."

"எனக்கு நம்பர் வேணாண்ணே, நம்பர வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நாளைக்கு விடியறப்ப குடும்பத்தோட மேய்ச்சலுக்கு ஏறணும். எல்லாரும் ஏறிட்டாங்க, நான் ஒருத்தன்தான் இந்த ரத்தத்துக்காகக் காத்துக் கெடக்கேன். ஆடுங்க கட்டுக்கடங்கல. பொண்ணு ராத்திரி பூரா தண்ணி தண்ணிங்குது, ஒரு கூஜா தண்ணியக் குடிச்சிட்டு இன்னும் கேக்குது. பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. போகவா, நிக்கவா? அந்த ஒத்த வார்த்தைய மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதையும் டாக்டர்தான் சொல்லணும். இப்பவே அவங்களக் கூப்பிடுறேன். அவங்க உங்களுக்குச் சொல்லுவாங்க."

"நீங்க சொன்னா நாக்கு தேஞ்சிருமா?"

"விதி அப்படி, ஸைத்."

ஆடுகளின் சத்தம் மட்டும் கேட்டது. "சரி, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்று வைத்துவிட்டார்.

டாக்டருக்கு மூன்று முறை போட்டேன், கிடைக்கவில்லை. நான்காவது முறை, நான்கு பத்துக்குக் கிடைத்தது. தடுப்பூசி நாள் போலிருக்கிறது. பின்னால் நாலைந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டுக்கொண்டிருந்தன.

"சொல்லுங்கண்ணே, சத்தமாச் சொல்லுங்க. சிக்னல் போயிப் போயி வருது."

வரிசைப்படி வாசித்தேன். முதல் ஆளுக்கு ரத்தசோகை. இரண்டாவது ஆளின் சிறுநீரகம் நல்ல நிலை. மூன்றாவதுக்குக் கிருமி எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொன்னார்.

"நாலாவது, ரப்ஹா, ஸைத் மகள். சுகர் அஞ்சு பாயிண்ட் நாலு ரெண்டு."

"ரப்ஹா. அஞ்சு பாயிண்ட் நாலு ரெண்டு." ஒரு மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்."

இறைவனுக்கே புகழ் என்கிற அந்தச் சொல் எங்களுக்கு மூச்சைப் போல. பிள்ளை பிறந்தாலும் சொல்வோம், ஆடு செத்தாலும் சொல்வோம். நேரத்தோடு கண்டுபிடித்தோமே என்று சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அவங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு டாக்டரம்மா. உடனே சொல்லிருங்க."

"இதோ, வச்சதும் அவருக்குத்தான் போடுறேன். அஞ்சாவது யாரு?"

ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் முடிந்தது. ஆறாவது பத்தியில், ரப்ஹாவின் பெயருக்கு நேரே, 'ஆம்' என்று எழுதினேன். வீட்டுக்குப் போகும் வழியில் புதினா வாங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஜன்னலில் ஹத்தூ என்று ஒரு பெரியவர் நின்றார். தஸ்ரூத்காரர், கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். நஜாத் அவருடைய விவரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுகர் இருக்கா பெரிப்பா?"

"இருக்கு."

"எவ்வளவு இருக்கும்?"

"போன மாசம் பதினாலு இருந்துச்சு."

நஜாத் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பதினாலா? பதினாலு கிராமா? பெரிப்பா, பதினாலு கிராம் இருந்தா நீங்க மனுசன் இல்ல, சர்க்கரைக் கூம்பு. நீலக் காகிதம் சுத்திக் கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

எங்கள் ஊர்க் கடைகளில் சர்க்கரையைக் கூம்பாக வார்த்து, நீலக் காகிதம் சுற்றித்தான் விற்பார்கள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு இளிக்கிறே? டாக்டரம்மா மெஷின் சொன்னதத்தான் சொல்றேன். ராட்டர்டாம் மெஷின். எனக்குப் பதினாலு, எஞ்சம்சாரத்துக்கு ஒம்பது. அஞ்சு இருந்தா நல்ல ஒடம்புன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். ஒங்க ஊர்லதான் ரெண்டு, மூணுன்னு என்னத்தையோ..."

என் சிரிப்பு நின்றது. கையில் இருந்த டியூபைத் தாங்கியில் வைத்தேன். தவறான ஓட்டையில் வைத்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் கிராமில் பேசுகிறோம். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, சந்தை, எங்கும் கிராம்தான். 'எனக்கு ரெண்டு கிராம் ஓடுது' என்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று என்பதால், லேபில் வேலை பார்க்கிற நாங்கள் கிராம் என்ற சொல்லையே விட்டுவிடுவோம். எண்ணை மட்டும் சொல்வோம். ராட்டர்டாமில் கணக்கு வேறு. கார்கிவிலும் ராட்டர்டாம் கணக்குதான். எங்கள் ஒரு கிராம் அவர்களுக்கு ஐந்தரை. அவர்கள் மெஷினில் ஐந்து என்றால் ஆரோக்கியம். எங்கள் காகிதத்தில் ஐந்து என்றால் அபாயம். அந்தக் கணக்குப்படி ரப்ஹாவின் சர்க்கரை முப்பது.

டாக்டர் வியாமுக்கு நான் சொன்ன முதல் சர்க்கரை முடிவு அதுதான். இத்தனை மாதமாக அவர்களுடைய ஸ்ட்ரிப் தீர்ந்ததே இல்லை. கெட்ட முடிவுக்கு மட்டும் கூப்பிடுகிறவனாக நான் இருந்திருந்தால், போன் அடித்ததுமே அவர் பதறியிருப்பார். நானோ நல்லதையும் சேர்த்து வாசிக்கிறவன். நான்காவதாக, எல்லாவற்றையும் வாசிக்கிற அதே குரலில் வாசித்தேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் சொன்னது சந்தோஷத்தில்.

"என்னண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் நஜாத். நான் போனை எடுத்துவிட்டேன். ஒன்பது நாற்பதுக்குக் கிடைத்தார்.

"டாக்டரம்மா, நேத்து ரப்ஹாவுக்குச் சொன்னேனே, அஞ்சு பாயிண்ட் நாலு ரெண்டு. அது கிராம்."

"என்னது?"

"கிராம். லிட்டருக்கு அஞ்சு கிராம். உங்க மெஷின் கணக்குல முப்பது."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "நான் நார்மல்னு சொல்லிட்டேனே. அவங்கப்பா கிட்ட. உங்க போனை வச்சவுடனே சொல்லிட்டேனே. வெயில்தான் காரணம், நல்லா சாப்பிடக் குடுங்க, தைரியமா மேய்ச்சலுக்குப் போங்கன்னு சொல்லிட்டேனே."

"கிளம்பிட்டாங்களா?"

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க. என் ஜன்னலுக்குக் கீழதான் ஆடெல்லாம் போச்சு."

ஸைதின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் நபரை இப்போது தொடர்புகொள்ள இயலாது என்று ஒரு பெண் முதலில் அரபியிலும் பிறகு பிரெஞ்சிலும் சொன்னாள். மேய்ச்சல் நிலத்தில் டவர் கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன். ஏதாவது ஒரு முகட்டில் ஏறும்போது ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும் என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதினேன். நேரம், பெயர், முடிவு, யாரிடம்: எவரும் இல்லை. திருப்பிச் சொன்னாரா: இல்லை. அன்று மாலைக்குள் இருபத்திரண்டு வரிகள் ஆயின. எழுதி என்ன பயன் என்று நஜாத் கேட்கவில்லை. எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போனாள்.

இடையில் வேலையும் நடந்தது. டியூப்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நிறுத்த முடியாது.

காவல் சாவடிக்குப் பேசினேன். "எந்தக் கணவாய்? மூணு கணவாய் இருக்கு. ஊரே ஏறிப் போற மாசம் இது, ஆயிரம் கூடாரம் நிக்கும், நாங்க எத்தனையத் தட்டுறது?" என்றார்கள். ஆம்புலன்ஸ் தஸ்ரூத்வரை போகும், அதற்கு மேல் சக்கரத்துக்கு வழி இல்லை. மூன்று மணிக்கு டாக்டர் வியாம் கூப்பிட்டார். நர்ஸ் மோட்டார் சைக்கிளில் கீழ்க் கணவாய்க்குப் போயிருக்கிறார். தான் ஒரு கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு மேல் கணவாய்க்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கழுதை ஏறத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது" என்றார். அத்துடன் அவருடைய போனுக்கும் அந்த அரபி, பிரெஞ்சுப் பெண்தான் பதில் சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு சாம்பல் மூடி டியூப் வந்தது. நஜாத் அதன் மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு, எண் ஒட்டாமலே என் கையில் கொடுத்தாள். ரப்ஹா, பெண், வயது பதிமூன்று.

டியூப் இன்னும் சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

8.90 கிராம். ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளித்துப்போயிருந்தது. அவசரப் பிரிவு எங்கள் கதவிலிருந்து நாற்பது அடி தூரம். போனைத் தொடாமல் ஓடினேன். வாசலில் நின்ற நர்ஸிடம், "எட்டு பாயிண்ட் ஒம்பது, கிராம், லிட்டருக்குக் கிராம்" என்றேன்.

"பின்ன என்ன, கிலோவா?" என்றார் அந்த நர்ஸ். "எங்களுக்குத் தெரியாதா? தள்ளுங்க."

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரைக்குக் கீழே பச்சை நிறப் பிளாஸ்டிக் செருப்பு ஒரு ஜோடி தெரிந்தது. ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. உள்ளே ஒருவர் ஓடிவந்து நின்றது போல மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மூச்சு நிற்காமல், ஒரே வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

டாக்டர் வியாம் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சேறு. காலையில்தான் கூடாரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நான் திருப்பிச் சொன்னேன் இல்லண்ணே?" என்றார்.

"சொன்னீங்க."

"சரியாத்தான் சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க, டாக்டரம்மா."

நான் லேபுக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு அடுத்த டியூப் வந்தது: 7.80. நாலரைக்கு: 6.95. இன்சுலின் வேலை செய்கிறது, எண் இறங்குகிறது என்று நஜாத்திடம் சொன்னேன். அவள் விரல்களில் எண்ணி எண்ணி எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு வர வேண்டிய டியூப் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். செருப்பைக் காணோம்.

"சமவெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு" என்றார் அதே நர்ஸ். "கண்ணு தொறக்கல. இங்க வச்சுப் பாக்க முடியாதுன்னுட்டாங்க. அந்தச் சின்ன டாக்டரும் அப்பனும் கூடவே ஏறிக்கிட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வியாமின் எண்ணுக்கும் ஸைதின் எண்ணுக்கும் மாறி மாறிப் போட்டேன். இரண்டும் அணைந்திருந்தன, மலையிலிருந்து நேரே வந்தவர்கள், எங்கே போய் சார்ஜ் போட்டிருப்பார்கள். கடைசியில் சமவெளி ஆஸ்பத்திரியின் லேபைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள், நிதானமான குரல்.

"நேத்து சாயங்காலம் வந்த ரப்ஹாவோட சுகர் இப்ப எவ்வளவுன்னு தெரியணும்."

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. நானும் லேப்தான். மலைப்பக்கம்."

"அப்ப உங்களுக்கே தெரியுமேண்ணே. டாக்டர் கிட்ட மட்டும்தான் சொல்லணும்."

"எண்ணு வேணாம்மா. டியூப் வந்துக்கிட்டிருக்கா, நின்னு போச்சா? அத மட்டும் சொல்லு."

அவள் தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் இரக்கம் இருந்தது. "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவள் வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்கிறாள்.

சனிக்கிழமை எந்தத் தகவலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வீட்டில் இருக்க முடியாமல் வேன் நிலையத்துக்குப் போனேன். தஸ்ரூத் வேன் கிளம்பத் தயாராக நின்றது. பின் இருக்கை முழுவதும் சர்க்கரைக் கூம்புகள், நீலக் காகிதத்தில் சுற்றி, படுக்கவைத்து அடுக்கியிருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். இன்னும் இரண்டு பேர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சர்க்கரைக் கூம்பு இல்லாமல் எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. பிள்ளை பிறந்த வீடு, கல்யாண வீடு, ஹஜ்ஜிலிருந்து வந்தவர் வீடு, ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர் வீடு, சாவு வீடு. எல்லாவற்றுக்கும் அதே இரண்டு கிலோ. அதே நீலக் காகிதம்.

"யார் வீட்டுக்கு, மோஹா?" என்று கேட்டேன்.

மோஹா டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸைத் வீட்டுக்கு."

"எதுக்கு?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழம பொழுது விடியறப்ப. இன்னிக்கு மூணாம் நாள்."

எதிரே இருந்த கடைக்குப் போனேன். கடைக்காரன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் ஒரு கூம்பை எடுத்து வைத்தான். வேனில் இடம் இருந்தது. மூன்று மணி நேரமும் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். குழந்தையைப் போலக் கனத்தது.

ஸைத் வீட்டு முற்றத்தில் ஆண்கள் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகள் இல்லாத பட்டி திறந்து கிடந்தது. உறவுக்காரர்கள் மந்தையை மேலே பார்த்துக்கொள்கிறார்களாம். ஸைத் என்னைவிட இளையவர் என்பதை அன்றுதான் கண்டேன். குரலில் அப்படித் தெரியவில்லை. நான் கூம்பை நீட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் பெயரையும் ஆஸ்பத்திரியையும் சொன்னதும் அவர் என் கையை விடவில்லை.

"லேபா?"

"ஆமா."

"உக்காருங்க." பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டரம்மா நார்மல்னு சொன்னதும் சந்தோசம் தாங்கல. ஒண்ணுமில்ல, வெயில்தான்னு சொன்னாங்க. சரின்னு அவ கேட்டதெல்லாம் குடுத்தோம். பாட்டில் ஜூஸ் கேட்டா, வாங்கிக் குடுத்தேன். ஏறுறப்ப வழியெல்லாம் டீ கேட்டா, அவங்கம்மா சக்கரைய அள்ளிப் போட்டுக் குடுத்தா. தெம்பு வரட்டுமேன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டாக்டரம்மா நேத்து வந்துச்சு. அது அழுத அழுகையில எம்பொண்டாட்டிதான் அதத் தேத்த வேண்டியதாப் போச்சு. தப்பு என்னோடதுன்னுச்சு. என்ன தப்புன்னு சொல்லத் தெரியல அதுக்கு. நீங்க சொல்லுங்க. அன்னிக்கு நான் உங்களுக்குப் போன் போட்டப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கையில இருந்துச்சா, நம்பரு?"

"இருந்துச்சு."

"டாக்டர் கிட்டத்தான் சொல்லுவேன்னீங்க. சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"முழுசாச் சொன்னீங்களா?"

"ஒரு வார்த்தை விட்டுப் போச்சு, ஸைத்."

"என்ன வார்த்தை?"

"கிராம்."

அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்கும் தன் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடுவது போல என் முகத்தைப் பார்த்தார். நான் விளக்க வாயெடுத்தேன். ராட்டர்டாம், கார்கிவ், ஐந்தரை மடங்கு எல்லாம் தொண்டைவரை வந்தன. அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

உள்ளேயிருந்து தேநீர்த் தட்டு வந்தது. என் கூம்பை உடைத்தார்களா, வேறு யாருடையதையாவதா என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சர்க்கரை. ஸைத் தன் கையால் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றி எனக்கு நீட்டினார்.

"குடிங்கண்ணே. தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

மிகவும் இனிப்பாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசிவரை குடித்தேன்.